இருபது கிகாபாஸ்கல்

மூன்றாவது வைரம் செவ்வாய் இரவு உடைந்தது.
பெரிய சத்தமில்லை,
நகம் வெட்டுவது போல ஒரு ‘டிக்’.
செலவுப் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
‘பேராசை’ என்று எழுதி, அடித்து,
‘அழுத்தம்’ என்று எழுதினாள் டாரியா கோவல்சுக்.

இன்று வேறு ஜோடி.
இரண்டு நுனிக்கும் நடுவே
ஈரம் சேர்த்த ஒலிவின், பச்சை.
எள்ளின் மேல் உட்கார்ந்தால் எள்ளுக்குத் தெரியாது.
சாவியைக் கால் சுற்று திருப்புகிறேன்:
பதினெட்டு. பத்தொன்பது.
காலடியில் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் ஆழத்தை
உள்ளங்கையில் பிடித்திருக்கிறேன்,
பிடித்தபடியே தும்மலை அடக்குகிறேன்.

வெளியே சஸ்காட்டூன், மைனஸ் முப்பத்தாறு.
வாகன நிறுத்தத்தில் கார்கள்
பிளக்கில் கட்டிய கயிற்றோடு அசைபோடுகின்றன.
இங்கே லேசர் விழும் புள்ளியில் மட்டும்
ஆயிரத்து ஐந்நூறு டிகிரி.

பிறகு அணைத்தோம். திருகைத் தளர்த்தினோம்.
நுண்ணோக்கியில் முதலில் பார்த்தது அவள்தான்.
ஒன்றும் பேசவில்லை; நகர்ந்து இடம் விட்டாள்.

நீலம்.
அழுத்தம் போன பின்னும் நீலம்.
உள்ளே எங்கோ, நூறில் ஒரு பங்கு, தண்ணீர்.

பச்சைக்குத் திரும்பும் வழி
மறந்துவிட்டதா,
சூடில்லாமல் நடக்க முடியவில்லையா
என்று கேட்டேன்.
“இரண்டாவது” என்றாள்.
கோட்டை மாட்டிக்கொண்டு
தன் காரின் வயரைப் பிடுங்கப் போனாள்.