கப்பல் பாரு

கடியபட்டணத்தில் அதற்குத் தனிப் பெயரில்லை.
கப்பல் பாரு, அவ்வளவுதான்.
எந்த நாட்டுக் கப்பல், எந்த வருடத்துக் காற்று,
கேட்டால் ஆளுக்கொரு கதை.
வலை மாட்டும் இடம் என்பதில் மட்டும்
ஊர் முழுக்க ஒரே வாக்கு.

முட்டத்து லைட்ஹவுசை வலப்பக்கம் விட்டு
வேளிமலையின் மூக்கு கோயில் கோபுரத்தோடு ஒட்டும்போது
பெர்க்மான்ஸ் எஞ்சினை அணைப்பான்.
ஜிபிஎஸ் உண்டு அவனிடம்.
ஆனாலும் ஒருமுறை மலையைப் பார்த்துக்கொள்வான்,
மனைவி சொன்னதை அம்மாவிடம் சரிபார்ப்பவன் போல.

மாசி. நீவாடு ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருந்தது.
மாலத்தீவில் ஆறு வருடம்
வெள்ளைக்காரர்களுக்கு ஆமை காட்டிய நான்
இங்கே மாட்டிய வலை அறுக்க
நாள்கூலி பேசி வந்திருந்தேன்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினேன்.
காது முரண்டு பிடித்து, பிறகு வழிவிட்டது.
பத்து மீட்டரில் கால்துடுப்பின் சிவப்பு போயிற்று.
முப்பதில் சிலிண்டரின் மஞ்சளும்.
நாற்பத்திரண்டு என்றது மணிக்கட்டு.
இருபத்து மூன்று பாகம் என்றிருப்பார் அப்பா,
ஈயக்கயிற்றைக் கை விரித்து விரித்து அளந்து.

கப்பல் முதலில் கப்பலாகத் தெரியவில்லை.
இருட்டில் கெட்டியான ஒரு பகுதி.
அதற்கு ஒரு விளிம்பு வந்தது,
விளிம்பில் ஏணி வந்தது,
ஏணியின் நான்காம் படியில் ஒரு களவா
வாடகை பாக்கி கேட்பதுபோல் வாயைத் திறந்து மூடியது.

அந்த ஆழத்தில் காற்றுக்கே போதை உண்டு.
வெறும் வயிற்றில் இரண்டு பெக் போட்டதுபோல்
எல்லாம் நல்லதாக இருந்தது.
கிளாத்திகள் நல்லவை. துரு நல்லது.
பெர்க்மான்ஸ் ரொம்ப ரொம்ப நல்லவன்.
காற்று எவ்வளவு பாக்கி என்று பார்
என்று எனக்கு நானே
மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

வின்ச்சைச் சுற்றி நாற்பது வருடத்து வலைகள்.
நூல், நைலான், நரம்பு,
செங்கல், சிமெண்ட் அடைத்த பால்டப்பா,
ஒரு சைக்கிள் பெடல்.
ஊரின் பழைய கடன்கள் எல்லாம்
வட்டியாகப் பாசி ஏறிக் கிடந்தன.
அறுத்தேன். ஒரு நண்டு
ஒன்றும் நடக்காததுபோல் இறங்கிப்போனது.
மேல்கயிற்றில் ஒரு துணி முடிச்சு,
சாணி நிறத்தில்.
டார்ச்சை அடித்தேன்.

சிவப்பு.

நைலக்ஸ் சேலைக் கிழிசல், நடுவில் குருசுபோல் தையல்.
ததேயுவின் அடையாளம்.
பதினான்கு வருடம் முன்னால்
என் அப்பா திருடியதாக அவர் சொன்ன வலை.
கமிட்டி இரண்டு நாள் உட்கார்ந்து அபராதம் போட்டு,
அப்பா கட்டமாட்டேன் என்று நின்று,
திருவிழா வரி வாங்க எங்கள் வீட்டுக்கு மட்டும்
ஆள் வராமல் போன வலை.
அதற்குப் பிறகுதான் அப்பா கொச்சிக்குப் போனார்.
பெட்டியில் வந்தார்.

நான் சிரித்திருக்க வேண்டும். குமிழிகள் அதிகமாயின.
காற்று எண்பதைத் தொட்டிருந்தது.
முடிச்சை மட்டும் அறுத்தேன், விரலையும் சேர்த்து.
ரத்தம் பச்சையாக வந்தது.

ஐந்து மீட்டரில் பதினோரு நிமிடம் தொங்க வேண்டும்.
உள்ளே கரைந்தது உடம்பை விட்டுப் போகும்வரை
மேலே போகக்கூடாது, அவசரப்பட்டால் மூட்டில் குத்தும்.
தலைக்கு மேல் வள்ளத்தின் வயிறு.
ததேயுவிடம் சொல்லப்போவதைச் சொல்லிப்பார்த்தேன்.
முதலில் நீளமாக.
பிறகு கெட்டவார்த்தையோடு.
பிறகு பேச்சே இல்லாமல், முடிச்சை மட்டும் நீட்டி.
விரலில் ரத்தம் மறுபடி சிவந்துகொண்டிருந்தது.

சாயங்காலம், ஏலக்கூடத்தின் ஓரம்,
ததேயு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.
துணியை முகர்ந்தார். தையலை நகத்தால் எண்ணினார்.

"எங்க கெடந்து?"
"கப்பல் பாருல."
"அங்க நான் வலையே விட்டதில்லியே."

மீன் கூடையை இறக்கிவைத்து
பின்னாலிருந்து டெல்பின் அம்மா சொன்னாள்,
"அது எனக்க சேல."

அவர் நிமிரவில்லை.
பக்கத்தில் யாரோ பாரைக்கு விலை ஏற்றினார்கள்,
ஐம்பது, அறுபது, அறுபத்தைந்து.
பதினோரு நிமிடம் சரியாகத் தொங்கித்தான் வந்தேன்.
ஆனாலும் முழங்காலில் எங்கோ
குத்திக்கொண்டே இருந்தது.