ஒரு துளை மிச்சம்

குவெல்ஃப். ஜனவரி. காலை ஆறே முக்கால்.
கேபிள் சுருள்கள் இரவெல்லாம் வேனுக்குள் கிடந்திருக்கின்றன.
வளைத்தால் வளையாமல் முறைக்கின்றன,
முந்தாநாள் சண்டையை மறக்காத ஆட்களைப் போல.
ஹீட்டர் முன்னால் உருட்டி வைத்து
அரை மணி நேரம் பொறுங்கள் என்கிறேன்,
அவற்றுக்கும் டெரக்குக்கும்.

உறைந்த பட்டாணியைப் பைகளில் அடைக்கிற இயந்திரம்.
அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி என் நெஞ்சளவு உயரம்,
சாம்பல் நிறம், இரட்டைப் பூட்டு.
வரைபடத்தில் எல்லாக் கேபிளும் மேலிருந்து இறங்குகின்றன.
வரைந்தவர் இங்கே வந்ததில்லை.
இரவில் இந்தத் தளத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுவார்கள்,
கூரையும் தன் பங்குக்குச் சொட்டும்.
மேலே துளைப்பது
தண்ணீருக்கும் சேர்த்து வாசல் வைப்பது.
"அடியால எடுப்பம்," என்றேன்.
டெரக் பொறியாளரை அழைத்தான்.
நீண்ட மௌனம். பிறகு ஒரு சரி.
அந்தச் சரியை எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

அடித்தட்டைக் கழற்றி மேசையில் கவிழ்த்தேன்.
பெட்டிக்குள் சீவல் விழக்கூடாது.
கண்ணிமை மயிரளவு இரும்புத் துணுக்குப் போதும்,
மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை
காரணம் தெரியாமல் எல்லாம் நின்றுபோக.
பதினொரு கேபிள், பதினொரு துளை.
முதலாவதை, ஆகப் பெரியதை,
போட்ட பிறகுதான் பார்க்கிறேன்:
கவிழ்ந்த தட்டில் இடம் வலமாகிவிட்டது.
கண்ணாடிக்குள் நிற்கிறவளுக்குப் பொட்டு வைத்திருக்கிறேன்.

இரும்புக்கு அழிறப்பர் இல்லை.

தட்டை நிமிர்த்தி மறுபடி அளந்தேன்.
மோட்டர் கேபிள் மூன்றும் இடப்பக்கம்,
சென்சர் கேபிள் எட்டும் வலப்பக்கம்,
நடுவில் ஒரு சாண் வெறும் இரும்பு.
இரண்டையும் ஒரே பந்தியில் இருத்தக்கூடாது
என்று மனதுக்குள் தமிழில் சொன்னேன்.
சொன்னதும் கசந்தது.
எந்தப் பந்தி, யார் எழுப்பிவிட்டது,
எந்தக் கோயில் மண்டபத்தில்
அப்பா கை நனைக்காமல் திரும்பி நடந்தார்...
அதெல்லாம் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டு வருகிறது,
ஊதினாலும் போகாத சீவல்.

இது அதுவல்ல என்று எனக்கே விளக்கினேன்.
இங்கே உரத்த குரல் மோட்டருக்கு.
சென்சர் பேசுவது முணுமுணுப்பு:
பட்டாணி வந்தது, வரவில்லை, வந்தது.
பக்கத்திலேயே அவன் கத்திக்கொண்டு ஓடினால்
வராததும் வந்ததாகிவிடும்.
இங்கே விலக்குவது
மெல்லியவனின் பேச்சுக் கேட்பதற்கு.
விலக வேண்டியவன் கத்துகிறவன்.
ஆனாலும் சொல்லை மாற்றினேன்.
பந்தி வேண்டாம், பாதை.
சந்தித்தே ஆகவேண்டுமென்றால்
செங்கோணத்தில் குறுக்கே கடக்கட்டும்,
கூடவே நடக்க வேண்டாம்.

பிறகு கை மட்டும் வேலை செய்தது.
கேபிளைக் கழுத்துவரை நுழைத்து, கிளாண்டை இறுக்கி,
வெளியே ஒரு தொங்கல் விட்டு
(வழிந்து வரும் துளி அங்கேயே சொட்டட்டும்)
உள்ளே ஒரு முழம் மிச்சம் சுருட்டி வைத்தேன்.
யாரோ ஒரு நாள் என்னைத் திட்டாமல் இருப்பதற்கு.

மூன்று மணிக்குப் பரிசோதகர் ஓடெட் வந்தார்.
மண்டியிட்டு, விளக்கடித்து, எண்ணினார்.
பன்னிரண்டு துளை.
ஒன்றில் கேபிள் இல்லை, கறுப்பு மூடி.
"இது எதற்கு?"
"எதிர்காலத்துக்கு," என்றான் டெரக்,
முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.
"இல்லை," என்றேன். "பிழையாப் போட்டது."
அவர் பெருவிரலால் மூடியை அழுத்தினார்,
ரப்பர் வளையத்தைச் சுற்றி நகத்தை ஓட்டினார்,
கையெழுத்து வைத்தார்.
எங்கள் இரண்டு பதிலில்
எதை எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

முதல் பை நிரம்பி விழுந்தது. இரண்டாவது.
நாற்பதாவது வரை நின்று எண்ணிவிட்டு,
தேவையே இல்லாமல் அந்த மூடியை
இன்னொரு கால் சுற்று இறுக்கிவிட்டு வெளியே வந்தேன்.
இருட்டிவிட்டது.
டெரக் தன் நூலக அட்டையால்
வேன் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தான்.