பதியாத விரல்

மூன்றாம் எண் கவுண்டரில் என் வேலை
விரல்களைக் கண்ணாடியில் அழுத்துவது.
வலது ஆள்காட்டி, பிறகு இடது.
பச்சை எரிந்தால் அடுத்த ஆள்.

வீகோ நகரில் அன்று விடிந்ததிலிருந்து மழை.
ஸுல்மீராவின் குடையிலிருந்து
தரையில் மீன்வாடை சொட்டியது.
கேப் வெர்டேக்காரி, நாற்பத்தொரு வயது.
இந்தப் பத்து நிமிடத்துக்காக
ஐந்து மாதம் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தாளாம்,
கடைசியில் எவனிடமோ
எண்பது யூரோ கொடுத்து வாங்கினாளாம்.
இலவசமாகத் தரவேண்டிய நேரம் அது.
காதில் விழாததுபோல்
தாள்களைப் புரட்டினேன்.

ஒப்பந்தம், சரி.
குடியிருப்புச் சான்று, சரி.
புகைப்படத்தில் காது தெரிகிறது, சரி.
விரல்,

சிவப்பு.
துடைத்துவிட்டு அழுத்தினோம். சிவப்பு.
என் கைக்களிம்பைத் தடவிப் பார்த்தோம். சிவப்பு.
அவள் விரல்மேல் என் விரலை வைத்து
முழு எடையையும் போட்டதில்
ஓரத்தில் என்னைப் படித்துவிட்டது போலும்,
ஒரு கணம் பச்சை.
பிறகு: பொருந்தவில்லை.

எங்கே வேலை என்று கேட்டேன்.
"சிப்பி டப்பா கம்பெனி. ஆறு வருஷம்,
முதல் மூன்று கணக்கில் இல்லாமல்."
உப்புநீர், ஓட்டுக் கூர், வினிகர்.
நுனிகள் கூழாங்கல்லாக வழுக்கின.

உப்பைத் தின்றவர் தண்ணீர் குடிப்பாராம்.
உப்பு ஆளைத் தின்றால்
யார் எதைக் குடிப்பது?

இரண்டு வாரம் வேலைக்குப் போகாதீர்கள்,
தோல் வளர்ந்துவிடும், வாருங்கள் என்றேன்.
சிரித்தாள். கோபமில்லை,
சில்லறை எண்ணுகிறவளின் சிரிப்பு.
"இரண்டு வாரம் போகாவிட்டால்
வேலை போகும் மேடம்.
வேலை போனால் ஒப்பந்தம் போகும்.
அப்புறம் விரல் வளர்ந்து என்ன,
நகம் வளர்ந்து என்ன?"

'ரேகை எடுக்க இயலாது' என்றொரு கட்டம்
திரையில் உண்டு.
அதற்குத் தலைமை அதிகாரி கையெழுத்து வேண்டும்.
அவர் வியாழன்வரை விடுப்பு.
திரும்ப வருவதாக எழுதித் தந்தாள்,
முத்து முத்தான எழுத்து.
கைநாட்டுதான் அவளுக்கு வரவில்லை.
பி அறுபத்தேழு என்று கூப்பிட்டேன்.

மதியம் சாப்பாட்டறையில்
ஒரு டப்பாவைத் திறந்தேன்.
சிவந்த எண்ணெயில் பதினான்கு சிப்பிகள்,
எல்லாம் ஒரே பக்கமாக ஒருக்களித்து
ஒன்றன் தோளில் ஒன்று.
எந்த இயந்திரமும் இப்படி அடுக்காது.
எடுத்தால் வரிசை கலைந்துவிடுமென்று
கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.
பிறகு பசித்தது.

எழும்போது மேசைக் கண்ணாடியில்
எண்ணெயோடு என் கட்டைவிரல்,
சுழி சுழியாக, ஒரு கோடும் விடாமல்.
துடைத்தேன்.
துடைத்த இடத்தில் மறுபடி பதிந்தது.