கோபுரம் தெரியாத மேசை

கோபுரம் தெரியும் மேசைக்கு இருநூறு கூடுதல் என்றார்கள்.
நாங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்தோம்.
மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, ஆறாவது மாடி.
லிஃப்ட் ஐந்தோடு நின்றுவிடும்.
எங்களுக்கு முன்னால் இரண்டு பேர்
ஆள் உயரப் பெட்டி ஒன்றைப்
படிக்குப் படி சாய்த்துத் திருப்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
உள்ளே யாரோ தூங்குவதுபோல அவ்வளவு பதனமாக.

வியாகுலத்துக்கு ஆபீஸ் குலுக்கலில் விழுந்த கூப்பன்:
இருவருக்குச் சாப்பாடு, நேரில் ஜாஸ்.
"ஜாஸ்னா?"
"சாப்பிடறதத் தொந்தரவு பண்ணாத பாட்டாம்.
இதுல போட்டிருக்கு."

அயிரைமீன் குழம்பு கூப்பனில் சேராது.
எலுமிச்சையும் வெண்ணெயும் தடவிய வஞ்சிரம் சேரும்.

நாலு பேர் வாசித்தார்கள்.
கீபோர்டில் கண்ணாடி போட்ட பையன்.
பெட்டியிலிருந்து எழுந்த பெரிய வயலினைக்
கட்டிப்பிடித்து நின்ற ஒருவர்.
டிரம்ஸில் ஒரு பெண். அடிக்கவே இல்லை அவள்,
கம்பி விளக்குமாறு மாதிரி ஒன்றால்
தோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.
சாக்ஸபோன்காரருக்கு ஐம்பது இருக்கும்.
கோட்டு இரவல். தோள் சொன்னது.

ஒரு வரி சொல்வார்.
அதையே கொஞ்சம் தப்பாகச் சொல்வார்.
அந்தத் தப்பை இன்னொரு தரம்
வேண்டுமென்றே சொல்வார்.
மூன்றாம் தரம் அதுதான் சரி என்று எனக்கே தோன்றும்.
பதினெட்டு வருஷம் பத்திர ஆபீஸில் இருக்கிறேன்,
ஒரு அடித்தல் திருத்தலை
இப்படி நேராக்கத் தெரியாது எனக்கு.

ஒன்பதரைக்குக் கரண்ட் போனது.
கீபோர்டு பாதிச் சொல்லில் செத்தது.
பிறந்தநாள் மேசையில் குழந்தை வீறிட்டது.
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
சாக்ஸபோன் மட்டும் நிற்கவில்லை.
மூச்சுக்கு எதற்குக் கரண்ட்?
இருட்டில் அது தணிந்தது, நீண்டது,
ஆட்கள் நடக்கிற வேகத்துக்கு வந்தது.
டிரம்ஸ் பெண் கூட்டுவதை விட்டுவிட்டுக்
காலால் மட்டும்
ஒன்று.
ஒன்று.
ஒன்று.

வியாகுலம் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.
வைத்தது கேட்டது, முகம் தெரியவில்லை.
விளக்கு வந்தபோது மீன் வைத்தது வைத்தபடி இருந்தது.
"அப்பாவுக்கு வாசிச்சவரு" என்றாள்.

ஞானஒளிவுபுரம் கோயிலில் இருந்து கல்லறை வரைக்கும்
பேண்டு செட்டில் முன்வரிசையாம்,
வெள்ளைச் சட்டை, சிவப்புப் பட்டை.
எனக்கு அன்றைக்கு நினைவிருப்பது
வேன் வாடகையும்
சேற்றில் அறுந்துபோன என் செருப்பும்தான்.

இடைவேளையில் எழுந்து போனாள்.
கூடப் போனேன், தடுக்கலாம் என்றுதான்.
அவர் தொட்டிக்குப் பின்னால்
பொட்டலம் பிரித்துத் தயிர்சோறு தின்றுகொண்டிருந்தார்.
கோட்டு பைப்பில் தொங்கியது.

"போன அக்டோபர். வியாழக்கிழமை. மழ."
ஊறுகாயை நாக்கில் வைத்து யோசித்தார்.
"மழையில மூணு அடக்கம் வாசிச்சேன் தங்கச்சி.
எது உங்களுதுன்னு தெரியல."
பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.
பிறகு சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி,
"அன்னைக்கு ஏதும் தப்பா வாசிச்சிட்டனா?"

"இல்ல" என்றாள். "இன்னைக்குத்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் ஒரு பருக்கை
என் சட்டையில் வந்து விழுந்தது.

கூப்பன் போகத் தண்ணீர் பாட்டிலுக்கும்
எதற்கோ ஒரு வரிக்கும் நூற்றுப் பதினேழு கட்டினேன்.
மீனைப் பார்சல் வாங்கிக்கொண்டோம்.
ஆரப்பாளையம் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது
எங்கள் இருவருக்கும் நடுவில் அது இன்னும் சூடாக இருந்தது.
கீழே வைகையில் யாரோ
லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் இருந்து என் முதுகில் விரலால் தட்டினாள்.
ஏதோ சொல்கிறாள் என்று வண்டியை மெதுவாக்கினேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
தட்டிக்கொண்டே வந்தாள்,
நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை,
ஒவ்வொரு தடவையும்
அரை மூச்சு தள்ளி.