கூனம்பொற்றை: ஆறடிக்கு நாற்பதடி

அழிக்கிறதுதான் எனக்க வேலை.
சதுர அடிக்கு நாலு ரூபாய்.
களியக்காவிளை தாண்டும் முன்னால்
இடது பக்கம் வரும் நீள மதில்.
தேர்தல் முடிந்தால் சின்னங்களை அழிப்பேன்,
ஆண்டவர் வருகிறார் என்பதை அழிப்பேன்,
மூலம் பவுத்திரத்தை அழிப்பேன்.
நாளை நறுக்கெடுப்பு என்ற லாட்டரிப் போஸ்டரை
அந்த நாளை போன பிறகு கிழிப்பேன்.
எல்லாம் ஒரே வெள்ளைக்கு அடியில்
ஒன்றோடொன்று பேசாமல் கிடக்கும்.

அதில் ஒரு ராத்திரி ரெஜிலா
கூனம்பொற்றையை வரைந்துவைத்திருந்தாள்.
பகலில் அவளுக்குப் பிளக்ஸ் கடை:
தமிழில் காதுகுத்து, மலையாளத்தில் பாலுகாச்சல்,
இரண்டிலும் கண்ணீர் அஞ்சலி.
ஆறடி உயரம், நாற்பதடி நீளம்.
கூன் இருந்த இடத்தில் கூன்,
பையன்கள் ஒளிந்திருந்து பீடி குடித்த பிளவு,
தெற்குச் சரிவில் அந்த ஒற்றை அயினி.
அயினி போய் மூணு வருஷம்.

எழுத்து ஒன்றுமில்லை.
எழுத்திருந்தால் எளிது,
என்ன குற்றமென்று எஸ்.ஐ. எழுதிக்கொள்வார்.

அடுத்த திங்கள் பார்த்தால்
கூனின் இடது பக்கம் வெள்ளை.
நான் தொடவில்லை.
அவளே அடித்திருக்கிறாள், இரண்டு கோட்டு,
எனக்கே குறை சொல்ல முடியாத வேலை.
திரும்பிக் கிழக்கே பார்த்தேன்.
பொற்றையிலும் அந்தப் பக்கம் இல்லை.

பிறகு வாரம் ஒரு தோள், வாரம் ஒரு விலா.
தார்ப்பாய் மூடிய டிப்பர்கள்
அக்கரைக்கு எவ்வளவு கொண்டுபோனதோ
அவ்வளவு வெள்ளை.
வீடு கட்ட என்பார்கள்,
கடலை நிரப்ப என்பார்கள்,
பாஸில் வேறென்னவோ எழுதியிருக்கும்.

அழிலே என்றார், ஜீப்பில் வந்தவர்.
வாளியைக் கலக்கிவிட்டு நின்றேன்.
"சார், அழிச்சா படம் முடிஞ்சிரும்."
"முடியட்டும்லே."
"இல்ல சார். அழிச்சாத்தான் முடியும்.
அவ தொடங்கினத நாம முடிச்சுக் குடுத்தது மாதிரி."
அவர் மதிலைப் பார்த்தார்,
கிழக்கே பார்த்தார்,
எனக்க வாளியைப் பார்த்தார்,
போனை எடுத்துக்கொண்டு சாயாக்கடைப் பக்கம் நடந்தார்.

மூணாம் நாள் உத்தரவு:
மலையை முழுசாக்கு.
பச்சை இருபது லிட்டர், பில்லோடு.
இயற்கையைக் காப்போம் என்று
மேலே எழுது, இரண்டு மொழியிலும்.

இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை
என்னை வரையச் சொன்னார்கள்.
கை நடுங்கியது,
வெள்ளைக்குத் தெரியாத நடுக்கம்.
கண்ணை மூடினால் எனக்கும் குழிதான் வந்தது.
வடக்குச் சரிவை ஊகித்துப் போட்டேன்.
அயினி பலா மாதிரி ஆகிவிட்டது.

அடிவாரத்தில் அவள் முன்னமே இழுத்திருந்த
விரல் நீளக் கோடுகளை மட்டும்
புல்லென்று விட்டுவிட்டேன்.
"புல்லு கொள்ளாம்" என்றார் ஜீப்காரர்.

அன்று ராத்திரி ஏணியைக் கட்டும்போது
ஸ்கூட்டியை ஓரம் கட்டி அவள் வந்தாள்.
மலையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.
ஒரு டிப்பர் போனது.
குனிந்து ஒரு கோடு.
இன்னொன்று போனது.
இன்னொரு கோடு.
அஞ்சாவது வண்டிக்கு
நாலின் மேல் குறுக்கே ஒன்று சாய்த்தாள்.

மறுவாரம் அவளுக்குக் கடையில் ராத்திரி வேலை,
கோயில் கொடை பிளக்ஸ்.
இருபது லிட்டரில் ஒரு டப்பா என்னிடம் பாக்கி,
பில்லில் இல்லாதது.
பதினொன்று நாற்பதுக்கு முதல் வண்டி.
விடியும் முன் இடுப்பு விட்டுப்போகும்.

மலை மதிலில் உத்தரவுப்படி நிற்கிறது.
பிளவு மூடிவிட்டது, அயினிக்கு மேல்பாதிதான்.
நேற்று சாயா குடிக்க இறங்கிய ஜீப்காரர்
கிளாசோடு வந்து நின்றார்.
"புல்லு என்னமா வளந்துட்டு, தாசையா."
"ஆமா சார்," என்றேன்.
"நல்ல மழையில்லா."