மூன்றாம் சுற்றில் தறி நின்றது

சோமனூர்க்காரர். சென்னியப்பன், வயது ஐம்பத்தாறு.
பன்னிரண்டு தறி, பழைய சர்க்கரை,
பக்கத்து வீடு புகார் சொல்லும் குறட்டை.
பீளமேட்டில் எங்கள் தூக்க ஆய்வறைக் கட்டிலில்
கால்களை இடுக்கிக்கொண்டு கிடக்கிறார்.
தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினேன்.
"கரண்டு அடிக்காதுங்களே அம்மிணி?"
அடிக்காதுங்க. உங்க கரண்டைத்தான் நாங்க எடுப்போம்.

பதினொன்றரை வரை
திரையில் விழித்தே கிடந்தார்.
"சத்தமே இல்லீங்களே, எப்படித் தூங்கறது?"
வெளியே ஆடிக் காற்று ஜன்னலை உலுக்கியது.
அது அவருக்குச் சத்தமாகப் படவில்லை.

தலையணைக்கடியில் இருந்து போனை எடுத்தார்.
சொந்தத் தறிக்கூடத்தையே பதிவு செய்து வைத்திருக்கிறார்,
நாலு மணி நேரம்,
மகள் கல்யாணத்தில் மண்டபத்து மௌனம்
தூங்கவிடாத நாளிலிருந்து.
டக்கடி டக்கடி டக்கடி
ஆறே நிமிடத்தில் அலைகள் சாய்ந்தன.
விதிப்படி இது கூடாது.
'பின்னணி ஒலி' என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

இரவை ஒரே துணி என்று நினைக்கிறோம்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் தெரியும்:
இறங்குகிறார், கிணற்றடிக் கல்லாய்க் கிடக்கிறார்,
ஏறுகிறார், ஏறி வந்தும் கரையில் கால் வைக்காமல்
மூடிய இமைக்குள் கண்கள் நாடாவாய்
இப்படியும் அப்படியும் ஓட
என்னத்தையோ நெய்கிறார்.
ஏறக்குறைய ஒன்றரை மணி. பிறகு மறுபடி இறக்கம்.
சூரியனுக்கு இதில் பங்கில்லை.
கடிகாரத்தைப் பிடுங்கி எறிந்தாலும் இறங்குவார்.

இரண்டு மணிக்கு எனக்கு இடது மூக்கு அடைத்து
வலது திறந்தது. காவலாளி மாற்றம் போல,
கையெழுத்து கூட இல்லாமல்.

அவருடைய கோப்பைப் புரட்டினேன்.
மூணு மாசச் சர்க்கரை: ஒன்பது புள்ளி நாலு.
"ரெண்டு நாளா சோறே திங்கலீங்க, எப்படி ஏறும்?"
என்று மாலையில் சண்டை போட்டார்.
சிவப்பணுவுக்கு ஆயுசு நூற்றிருபது நாள், ஐயா.
அவினாசித் தேருக்குத் தின்ற ஜிலேபி
இன்னும் உள்ளே சுற்றி வருகிறது.

எனக்கு இன்று முப்பத்தொன்பதாம் நாள்.
பதினாலு வயதிலிருந்து இருபத்தொன்பது தப்பியதில்லை,
இரண்டு பிரசவம் நீங்கலாக.
நாற்பத்தேழில் அது டவுன் பஸ் ஆகிவிட்டது.
வந்தால் ஒன்றன்பின் ஒன்றாய் இரண்டு,
இல்லையென்றால் நிறுத்தத்தில் நின்று நின்று கால் கடுக்கும்.
என் முன்னால் உள்ள படிவத்தில்
மணிக்கு, நிமிடத்துக்கு, நொடிக்குக் கட்டம் உண்டு.
மாதத்துக்கு இல்லை.

மூன்று ஐம்பத்திரண்டு.
பதிவு முடிந்தது. தறி நின்றது.
கண்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.
ஒயர்களோடு சடாரென எழுந்து உட்கார்ந்தார்.
"கரண்டு போயிருச்சுங்களா?"

உள்ளே போனேன். வியர்த்திருந்தது.
"பாவு அந்து போச்சுன்னு நெனச்சேனுங்க.
நூலுக்குப் பதிலா என்னென்னமோ அந்து கெடந்துச்சு."
என்னென்னமோ என்றால் என்ன என்று கேட்கவில்லை.
போனைத் தொட்டேன். டக்கடி டக்கடி.
அவர் மறுபடி இறங்கும் வரை
அந்த இருட்டில், வேலையில்லாமல், நின்றேன்.

ஆறு மணிக்குப் பசையைத் துடைக்கும்போது சொன்னார்:
"ஒரே தூக்கமாத் தூங்கிட்டேனுங்க."
நாலு தடவை தூங்கினீங்க, ஐயா.
"நாலா? அப்ப நாலு ஷிப்ட் கூலி குடுக்கோணும்."
நடுவில் எழுந்தது நினைவில்லை அவருக்கு.

ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் காற்று
என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது.
அடிவயிற்றில் ஏதோ மெல்லச் சுண்டியது.
அதுவாக இருக்கலாம்.
வெறும் பசியாகவும் இருக்கலாம்.