விரலிடுக்கு

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே
எடைமேடையைப் பெள்ளி அண்ணனிடம் விட்டுவிட்டு
கட்டபெட்டு பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறேன்.
"வெள்ளின்னா கோயிலுக்கா?" என்பார்.
"வீட்டுக்கு."
"விலை வந்ததும் மெசேஜ் போடறேன்."
ரீமாவுக்குக் குன்னூர் ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி.
ஆகவே எங்கள் வீட்டில் சபாத்துக்கு
விளக்கேற்றுவது மீசைக்காரன்.

சூரியன் எப்போது விழுந்தது என்று
கோத்தகிரியில் யாரைக் கேட்பது?
மூடுபனி மூன்று மணிக்கே வந்து
சன்னலை அழித்துவிடுகிறது.
கொச்சி மாமனார் காலண்டரில்
பென்சிலால் எழுதி அனுப்பிய நேரம்தான் கணக்கு.

இரண்டு மெழுகுவத்தி.
வெளிச்சத்தை மூன்று முறை வாரி
முகத்துக்கு இழுத்து
கண்ணைப் பொத்திக்கொண்டு
எனக்குப் பாதி புரிகிற எபிரேயத்தை
முழுசாகச் சொல்வேன்.
மகளுக்கு எதுவும் கற்றுத் தந்ததில்லை.
ஆறு வயதுதானே,
கேட்கும்போது சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

புதன்கிழமை மழை. பள்ளிக்கூடம் லீவு.
சமையலறை வாசலில் சிப்போரா
இரண்டு தைலமரக் காய்களை நிறுத்திவைத்து
மூன்று முறை காற்றை வாரினாள்.
கண்ணைப் பொத்தினாள்.
எதிரே பொம்மைகள், வரிசையாக.
உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்க
வலதுகை நடுவிரல் மட்டும்
எண்ணெய் போட்ட கதவுபோல் விலகியது.
ஒற்றைக் கண் கீழே இறங்கி
மடியில் கிடந்த தீப்பெட்டியைப் பார்த்தது.
பொம்மைகளிடம் சொன்னாள்:
"பச்சை இலை கிலோ பதினெட்டு. ஆமென்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
நல்லவேளை.

அந்த வெள்ளி
போனை அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.
அவள் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
அணைக்க மறந்தது
விளக்கேற்றிய பிறகுதான் நினைவு வந்தது.
இனித் தொடக்கூடாது.
ராத்திரி முழுக்க விட்டுவிட்டு
அரிசி உறுமியது.

மூன்று நட்சத்திரம் தெரிந்தால்
சனிக்கிழமை முடிந்தது.
பனிக்கு மேலே அவை வந்துதான் இருக்கும்,
எங்கள் வாசலுக்குச் சேதி வராது.
எதிர்ச் சரிவு ஹட்டியில் மங்கலாக
ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகிறது வெளிச்சம்.
போன மாதம் ஒரு அவசரத்தில்
அதையே எண்ணியிருக்கிறேன்,
ஒன்று, இரண்டு, மூன்று, போதும் என்று,
இவள் இடுப்பில் இருக்க.

இன்றைக்கும் எண்ணத் தொடங்கினேன்.
"அது நந்தி வீட்டு டியூப்லைட்டுப்பா."
"சரி."
"அது பால் சொசைட்டி."
"சரி."
"அது லாரி. போகுது பாரு."

குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு
படியில் என்னோடு ஒட்டி உட்கார்ந்தாள்.
பனி விலகுவதாக இல்லை.
கால்விரல் மரத்துவிட்டது.
உள்ளே அரிசி மறுபடி உறுமியது.
நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.
இல்லை, பார்த்தோம்.
அப்புறம் ஒருவரை ஒருவர்.
அப்புறம் மேலே.